சிந்துபாத் எங்கே நிற்கிறான்?

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகள் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள், என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். கேட்டாயே, என்னைப் போய்! தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் என் பயலுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய தலைவர்கள் வரலாறெல்லாம் இன்னும் பீரோ மேல்தான் கிடக்கிறது. ஒன்றைப் படித்து முடித்ததும், "என்ன புரிஞ்சது, சொல்லு" என்று விசாரணை வேறு நடத்தினேன். அப்புறம் எங்கே படிப்பான்?

போன மாசியில் அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரே குறை, தினத்தந்தி படிக்க முடியவில்லை என்பதுதான். 1942இல் நம்ம மதுரையில் தொடங்கிய பேப்பர். அதைப் பார்க்காமல் அவளுக்குக் காபி இறங்காது. நான் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு ஓடுவேன். அதனால் பேரனைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கன்னித்தீவு. 1960இலிருந்து அதில் முடியாமல் ஓடுகிற படக்கதை. நாளுக்குச் சில கட்டங்கள்தான் என்பதால் பயலுக்கு மலைப்பில்லை. "சிந்துபாத் எங்கடா நிக்கிறான்?" என்பாள், படத்தைப் பார்த்து அதையும் சொல்வான். றகரம் தடுக்கினால் திருத்தமாட்டாள். கதை புரியாவிட்டால் மட்டும், "திரும்பச் சொல்லு." நானாக இருந்தால் முதல் நாளே திருத்திக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

இரண்டு வாரத்தில் ராசிபலனுக்கு வந்தான், பிறகு கொலை, கொள்ளை. உன் தங்கச்சி முறைத்தாள். படிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போகிறேன். 2023 ஜூலையில் திறந்தது, நீ ஊரைவிட்டுப் போன பிறகு. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. அவனே எடுக்கிறான், நாலு பக்கம் புரட்டிவிட்டு வைக்கிறான். நான் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் டைனோசரோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

உன் மாமியார் உங்களோடுதானே இருக்கிறார்? அவருக்கு மகளைப் படித்துக் காட்டச் சொல்லிப் பார். நீ பக்கத்தில் உட்காராதே.

அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெளிந்துவிட்டது, புதுக் கண்ணாடியும் வந்தாச்சு. ஆனாலும் காலையில் பேப்பர் வந்ததும், "எழுத்து மங்குதுடா" என்கிறாள். நேற்று அவன் பள்ளிக்கூடம் போன பிறகு, வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்ததை நான் பார்த்தேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்து சேர்.

உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி