ஏப்ரல் 15-க்குள் படித்துவிடு

பாப்பா,

போனில் கேட்டால் "பாத்துக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. தம்பி எப்போதும் போலத்தான். வேறு சேதி எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் ஓட மாட்டேன் என்கிறது.

உனக்கு இரண்டு இடத்தில் அட்மிஷன் வந்திருப்பதே தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனைத் திட்டாதே, நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன். ஒன்று எம்எஸ், இரண்டு வருஷம், ஃபீஸ் முழுக்க லோன் போட்டுத்தான் கட்ட வேண்டும். இன்னொன்று நேரடி பிஎச்டி, ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் ஸ்டைபெண்ட். நீ பிஎச்டிக்குத்தான் சரி சொல்லப் போகிறாயாம். சந்தோஷம். பொய்யாகச் சொல்லவில்லை, அன்றைக்கே மாடி வீட்டுக்காரரிடம் "எங்கள் வீட்டில் முதல் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் இவ்வளவு பெரிய சேதியை அப்பனிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை பார், அது கொஞ்சம் உறுத்துகிறது. சரி, போகட்டும்.

பிஎச்டிக்கு உனக்குக் கைடாக வரப்போகிற அந்தப் பேராசிரியர் சீக்கிரம் பதில் சொல் என்று அவசரப்படுத்துகிறாராமே. அசையாதே. அமெரிக்காவில் உதவித்தொகையோடு இடம் கொடுத்தால் ஏப்ரல் 15 வரைக்கும் மாணவர்களை நெருக்கக் கூடாது என்று நிறையப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. உன்னுடையதும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இன்னொன்று. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதே, கைடைப் பார். எம்எஸ் என்றால் வகுப்பு, பரீட்சை, ஒரு பிராஜெக்ட். ஒரு வாத்தியார் சரியில்லை என்றால் அடுத்த செமஸ்டரில் அவர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். பிஎச்டி அப்படி இல்லை, ஐந்தாறு வருஷம் ஒரே மனுஷன். அவரிடம் முன்னால் இருந்தவர்களுக்கு எழுதிக் கேள். முடித்தவர்களை மட்டும் கேட்காதே, பாதியில் போனவர்களையும் தேடிப் பிடித்துக் கேள். எத்தனை வருஷத்தில் முடிக்கிறார்கள், எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் தருகிறார், ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றுபோனால் மாணவனை என்ன செய்கிறார், இதையெல்லாம் கேள். கைடுதான் முக்கியம்.

நீ என்ன கணக்குப் போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு வருஷம் அங்கேயும் வகுப்புதானே, பிடிக்கவில்லை என்றால் எம்எஸ் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், அதுவும் கைக்காசு இல்லாமல் என்று. வரலாம், நிறையப் பேர் அப்படி வந்திருக்கிறார்கள். பிஎச்டிக்கு நடுவில் வைக்கிற தகுதித் தேர்வில் தேறாதவர்களையும் பல இடங்களில் எம்எஸ் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் தானாகக் கிளம்பி வருகிறவனுக்கும் 'நீ போய்விடு' என்று அவர்கள் சொல்லி வருகிறவனுக்கும் கையில் இருப்பது ஒரே காகிதம்தான், நடக்கிற நடை வேறு. தவிர எம்எஸ் முடித்துவிட்டுப் பிறகு பிஎச்டி போனால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலை முடித்திருந்தால்தான் சேர்த்துக்கொள்ளவே செய்வார்கள், அப்புறம் மூன்று நான்கு வருஷம். கம்பெனி வேலைதான் வேண்டும் என்றால் முக்கால்வாசி இடத்துக்கு எம்எஸ் போதும். ஆராய்ச்சி செய்ய வேண்டும், கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்றால் மட்டும்தான் மற்றது. உனக்கு எது வேண்டும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

கைடு, கைடு என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்று நீ சிரிப்பாய். என் ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்தவரைப் பற்றி "அந்த ஆள் என்னை முடிக்க விடவில்லை" என்று சின்ன வயதிலிருந்து நான் சொல்லிக் கேட்டிருக்கிறாய். உன் சித்தப்பா அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அது அப்படி இல்லை, பாப்பா. மூன்றாவது அத்தியாயத்தைக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திருப்பித் தந்தார், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. ஓரத்தில் ஒரு இடத்தில் "இதைச் சொல்வது நீயா, நீ படித்த புத்தகமா?" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். கோபமாகக்கூட எழுதவில்லை. எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது, ஏனென்றால் அது புத்தகம் சொன்னதுதான். திருத்திக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. அவர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார். பரணில் இருக்கிற தகரப் பெட்டியைத் திறக்காதே என்று உங்கள் இரண்டு பேரையும் விரட்டுவேனே, அதில் அந்த அத்தியாயம்தான் இருக்கிறது. போன வாரம் இறக்கிப் பார்த்தேன். குண்டூசி துருப்பிடித்துப் பேப்பரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பென்சில் மட்டும் அழியவில்லை.

அம்மாவுக்கும் இது தெரியாது.

கேட்க நினைத்ததை இன்னும் கேட்கவில்லை. போன தடவை நீ வந்திருந்தபோது, நான் அறைக்குள் அம்மாவிடம் "இதைக் கட்டி முடிக்கவே நாக்குத் தள்ளுது, இன்னொரு லோனா" என்று சொன்னேன். நீ வெளியே போயிருக்கிறாய் என்று நினைத்துத்தான் பேசினேன். கதவைத் திறந்து பார்த்தால் உன் செருப்பு வாசலில் கிடந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் நீ பிஎச்டிக்கும் விண்ணப்பித்தாய் என்று தம்பி சொல்கிறான். எனக்குக் கணக்கு வரும், பாப்பா.

உனக்கே அந்த ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் போ, பத்து வருஷம் ஆனாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்காகவோ அந்த லோனுக்காகவோ என்றால் வேண்டாம். லோன் நான் பார்த்துக்கொள்கிறேன், மேனேஜரிடம் பேசிவிட்டேன். மாடி வீட்டுக்காரரிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கைடின் பழைய மாணவர்களுக்கு எழுதினாயா? இன்றைக்கே எழுது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடு. அம்மா தூங்கியிருப்பாள், போனை யாரிடமும் கொடுக்க முடியாது.

அப்பா