ஆயில் லைனுக்கு எந்த ஸ்பேனர்?

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் நலம். மகளுக்கு ஸ்டுட்கார்ட்டிலேயே வேலை கிடைத்துவிட்டது, வீட்டிலிருந்தே போய்வருகிறாள்.

சரி, உன் 1983 போர்ஷே 911 எஸ்.சி. விஷயத்துக்கு வருகிறேன். ஆயில் லைன், அதாவது இன்ஜின் எண்ணெய்க் குழாயின் நட்டுகளைக் கழற்ற 36 மி.மீ. ஸ்பேனர் ஒன்று வாங்கினால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. இரண்டாவது ஸ்பேனர்தான் முக்கியம் என்பேன். நட்டைத் திருப்பும்போது மறுபக்கத்தை அசையாமல் பிடிக்காவிட்டால், நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தக் குழாயை நேராக்க முடியாது. பெரிய இணைப்புகளில் நட்டு 36தான், மரை எம்30 (30 மி.மீ. விட்டம்), பிட்ச், அதாவது மரை இடைவெளி, 1.5 மி.மீ. எதிர்ப்பக்கத்து அளவு இடத்துக்கு இடம் மாறும், வெர்னியர் வைத்து அளந்துவிட்டு வாங்கு.

குழாய் குறுக்கே இருப்பதால் ரிங் ஸ்பேனர் நுழையாது. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும், இறுகிய நட்டில் முனையைத் தேய்த்துவிடும். வாய் திறந்த ரிங் போல இருக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் ஆறு பக்கத்தில் ஐந்தைப் பிடிக்கும். 36-இல் அதைக் குரோஃபுட்டாக, அதாவது கைப்பிடி இல்லாத தலையாக வாங்கி, நீளமான பார் மாட்டிக்கொள். வீல் ஆர்ச்சுக்குள் நீளக் கைப்பிடி ஸ்பேனரைச் சுழற்ற இடமில்லை. குரோஃபுட்டில் இன்னொரு வசதி: இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சுக்கு 90 டிகிரியில் மாட்டினால் அதில் வைத்த அளவு மாறாது. மறுபக்கத்தைப் பிடிக்க, இங்கே ஜெர்மனியில் வூப்பர்டாலில் செய்யும் நிபெக்ஸ் பிளையர்ஸ் ரென்ச்சைச் சொல்வேன். வாய் இரண்டும் இணையாகவே நகரும், பல் கிடையாது. ஸ்க்ரூ ஸ்பேனரை மட்டும் இந்த வேலைக்குத் தொடாதே. அழுத்தம் கூடினால் அதன் வாய் விரியும்.

நான் கவலைப்படுவது பின்பக்க வலது வீலுக்கு முன்னால் இருக்கும் தெர்மோஸ்டாட்டைப் பற்றி, எண்ணெய் சூடானதும் கூலருக்குத் திறந்துவிடும் வால்வு அது. அதன் உடல் அலுமினியம், மேலே வருவது எஃகு நட்டு. இரு உலோகமும் சேரும் இடத்தில், உங்கள் டொரான்டோ சாலைகளில் பனிக்காலத்தில் போடும் உப்பு புகுந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சூடு காட்டினால் இளகும் என்று யாராவது சொல்வார்கள். அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அதனால் மொத்தமாகச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் அலுமினிய மரைதான் முதலில் பெருத்து இன்னும் இறுகும். எண்ணெய் இருக்கும் இடத்தில் தீச்சுடரும் ஆபத்து. தீ இல்லாமல் மின்காந்தத்தால் நட்டை மட்டும் வேகமாகச் சூடாக்கும் இண்டக்ஷன் ஹீட்டர் கிடைத்தால் பார்க்கலாம். அதற்கு முன் துருவிளக்கி எண்ணெயை அடித்துச் சில நாள் ஊறவிடு.

அப்படியும் அசையவில்லையென்றால் பலம் காட்டாதே, நட்டை வெட்டிவிடு. சின்ன கட்டிங் டிஸ்க்கால் நட்டின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு போடு, மரையைத் தொடுமுன் நிறுத்திவிட்டு உளியால் பிளந்துவிடு. லைன் போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட் மரை போய்விட்டால் செலவு பல மடங்கு, நல்ல பழைய தெர்மோஸ்டாட்டைத் தேடுவதும் பாடு.

வேலைக்கு இறங்குமுன் எண்ணெயை வடித்துவிடு. டிரை சம்ப் வண்டி, எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும், பத்து லிட்டருக்கு மேல் பிடிக்கும், பெரிய தட்டாக வை. திரும்ப மாட்டும்போது மரையைச் சுத்தம் செய்து, மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசையை மெல்லிசாகத் தடவி, முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்று.

எதிர்ப்பக்க அளவுகளை அளந்து எழுது. அக்கா அடுத்த மாதம் டொரான்டோ வருகிறாள், இங்கே வாங்கி அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்