வெண்காரம் வேறு, படிகாரம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் வீட்டுக் குறிப்புகளில், கலங்கிய கிணற்றுத் தண்ணீர் தெளிய ‘வெண்காரம் எனப்படும் படிகாரம்’ போடும்படி எழுதியிருந்தீர்கள். கூடவே அடையாளமும் சொல்லியிருந்தீர்கள்: வெள்ளையாக இருக்கும், தண்ணீரில் கரையும், வாணலியில் போட்டால் பொரியும். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றுமே இரண்டு சரக்குக்கும் பொருந்தும்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தவன் நான். இப்போது மாலை நேரங்களில் தம்பியின் நாட்டு மருந்துக் கடையில் உட்காருகிறேன். திங்கட்கிழமை ஒரு அம்மா உங்கள் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, “வெண்காரம் நூறு கிராம் குடுங்கண்ணே, குடிதண்ணிக்கு” என்றார். பொட்டலம் மடித்தே விட்டேன். கடைசியாகச் சொன்ன ‘குடிதண்ணி’தான் கையைப் பிடித்து நிறுத்தியது.

படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். சவரம் செய்தபின் முகத்தில் தேய்ப்பார்களே, அந்தக் கட்டி. சீனக்காரம் என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் தருகிறோம். தண்ணீரைத் தெளிய வைப்பது இதிலுள்ள அலுமினியம். அது கஞ்சிப் பசை போன்ற ஹைட்ராக்சைடாகத் திரண்டு, மண் துகள்களையும் இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். (தெளிந்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், அது வேறு விஷயம்.) வெண்காரம் சோடியம் போரேட். நகை பற்றவைக்கும்போது பத்தர் தடவுவது. அதில் அலுமினியமே கிடையாது. தண்ணீர் கலங்கல் மாறாமல் அப்படியே நிற்கும், வயிற்றுக்குப் போகக்கூடாத போரேட் மட்டும் அதில் சேர்ந்திருக்கும்.

பெயரும் ஆளை ஏமாற்றுகிறது. பாடப்புத்தகப்படி காரம் என்றால் சிவப்பு லிட்மஸை (அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் தாள்) நீலமாக்க வேண்டும். வெண்காரக் கரைசல் அதைச் செய்யும்; அதன் பி.எச். (அமில-கார அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 9 சொச்சம். படிகாரத்துக்குப் பெயரில் மட்டும்தான் காரம். அதன் கரைசல் அமிலத்தன்மை உடையது, நீல லிட்மஸைச் சிவப்பாக்கிவிடும். “சார், பேர்லயே காரம் இருக்கே?” என்று வருஷத்துக்கு ஒரு பையனாவது கேட்காமல் இருந்ததில்லை.

லிட்மஸ் இல்லாத வீட்டில் மஞ்சள்தூள் போதும். கல்லாப்பெட்டி மேலேயே அந்த அம்மாவுக்குச் செய்து காட்டினேன். இரண்டு டம்ளரில் இரண்டையும் தனித்தனியே கரைத்தேன். மஞ்சள் குழைத்துத் தடவிய தாளில் ஒவ்வொரு சொட்டு விட்டேன். படிகாரச் சொட்டு விழுந்த இடம் மஞ்சளாகவே இருந்தது. வெண்காரம் பட்ட இடம் செம்பழுப்பாகிவிட்டது. “குங்குமம் மாதிரி ஆகுதே!” என்றார். அவர் சொன்னது சரிதான். வீட்டில் குங்குமம் செய்கிறவர்கள் மஞ்சளோடு வெண்காரமும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பது அந்தச் சிவப்பு வரத்தான்.

அப்புறம் அந்தப் பொரிதல். இரண்டு படிகத்துக்குள்ளும் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. படிகாரத்தின் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம், வெண்காரத்தில் 47 சதவீதம் அந்த நீர்தான். சூட்டில் அது கிளம்பும்போது இரண்டுமே நுரைத்து உப்பும். இன்னும் சூடேற்றினால்தான் வித்தியாசம் தெரியும். பிளாட்டினம் கம்பி வளையத்தில் வெண்காரத்தை வைத்துச் சுடரில் காட்டினால், பொரிந்து அடங்கியபின் தெளிந்த கண்ணாடி மணியாக உருகும். துளி கோபால்ட் உப்பைத் தொட்டு மறுபடி சூடாக்கினால் மணி கருநீலமாகும். பிளஸ் டூ பிள்ளைகள் அதைப் பார்க்க ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். படிகாரம் என்ன செய்தாலும் மணியாகாது.

வெள்ளை, கரையும், பொரியும் என்று மட்டும் எழுதினால் அடுப்பில் வெடிக்கிற கல்லுப்பும் அதில் அடங்கிவிடும். இனி இத்தகைய சரக்குகளைக் குறிப்பிடும்போது வேதிப்பெயரையும், மற்றதிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் ஒரு பண்பையும் சேர்த்து அச்சிடுங்கள். திருத்தத்தை எட்டாம் பக்க மூலையில் போடாமல் அதே வீட்டுக் குறிப்புகள் பகுதியிலேயே வெளியிட வேண்டும். புதன்கிழமை அதே துண்டுக் காகிதத்தோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்,
கும்பகோணம்.