கருவடிக்குப்பத்தில் மாலை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவரைப் 'புராண நாடக ஆசிரியர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கதை புராணம்தான், சரி. ஆனால் அவர் மனம் ஊன்றியது தர்க்கத்தில். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனம் காக்கும் குறத்தி, நாரதரையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறாள். வேடனாக வரும் முருகனுக்கும் அவளிடம் சுலபமாக வழி கிடைப்பதில்லை. சுவாமிகளின் பாட்டுகளுக்கு நடுவே நடிகர்கள் சொந்தமாகப் பேசி அந்த வாதத்தை இன்றும் வளர்க்கிறார்கள். அதனால்தான் அது பழசாகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கடலூர் அருகே ஒரு கோயில் திருவிழாவில், நள்ளிரவு தாண்டியும் நீண்ட அந்தத் தர்க்கத்தைப் பார்த்தேன். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பாட்டி, வள்ளி வாய் திறக்கும் முன்பே அடுத்த பாட்டை முணுமுணுத்தார்.

1922-இல் புதுச்சேரியில் மறைந்தவர் அவர். கருவடிக்குப்பத்தில்தான் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 13 அன்று அங்கே மாலை அணிவிப்பதோடு, அன்றிரவே அவருடைய நாடகம் ஒன்றை விடிய விடிய, சுருக்காமல், கட்டணமின்றி நடத்தப் புதுவை அரசு முன்வர வேண்டும். நிகழ்கலை படிக்கும் மாணவர்களையும் கிராமத்து நாடகக் கலைஞர்களையும் ஒரே மேடையில் ஏற்றலாம்.

ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.