செயற்கூற்றை எழுதினால் போதாது, அழைக்கவும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கடந்த கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லவிருந்த ஐந்து பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது கண்ட ஒரு குறையைப் பாடநூல் தயாரிப்போரும் செய்முறைத் தேர்வுக்கு வினா அமைப்போரும் அறிய வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் முதல் பாடமே செயற்கூறு (ஃபங்ஷன்) பற்றியதுதான். ஒரு வேலைக்கான வரிகளைத் தொகுத்துப் பெயரிட்டு வைப்பது செயற்கூறு; அந்தப் பெயரைச் சொல்லி வேலை வாங்குவது அழைப்பு. ஆனால் அப்பாடத்தின் எடுத்துக்காட்டுகள் 'லெட்', 'லெட் ரெக்' என்று தொடங்கும் வேறொரு குறிமுறையில் உள்ளன. ஆய்வகக் கணினியில் இருக்கும் பைத்தானில் அவற்றை அப்படியே தட்டச்சு செய்தால் பிழைச்செய்திதான் வரும். பைத்தானில் செயற்கூறு எழுதும் முறை ஏழாம் பாடத்தில்தான் வருகிறது. எந்த மொழிக்கும் பொதுவான கருத்தை முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற நோக்கம் நல்லதே, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எனினும், ஒரு முறைகூட இயக்கிப் பார்க்காத ஒன்றுக்கு இலக்கணம் மட்டும் படிக்கும் பிள்ளை, 'அளபுரு என்பது வரையறையில் உள்ள மாறி, செயலுருபு என்பது அழைக்கும்போது அனுப்பப்படும் மதிப்பு' என்று மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. (உருபு என்றவுடன் 'ஐ, ஆல், கு' என்று ஒரு மாணவன் தொடங்கியதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பயிற்சிக்காக நான் கொடுத்த கணக்கு மிக எளியது. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பயன்படுத்திய யூனிட்டைக் கொடுத்தால், கட்டணம் கட்ட வேண்டிய யூனிட் எவ்வளவு என்று சொல்லும் செயற்கூறு ஒன்றை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி இரண்டே நிமிடத்தில் எழுதிவிட்டு, நிரலை இயக்கும் எஃப்5 விசையை அழுத்தினாள். திரையில், அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் மூன்று கோணக்குறிகள் (>>>) மட்டும் வந்து நின்றன. பிழையும் இல்லை, விடையும் இல்லை. மறுபடியும் அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "சார், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு" என்றாள். செயற்கூற்றை வரையறுத்தவள் அதை அழைக்கவே இல்லை. வரையறையைத் தொடங்கும் 'டெஃப்' என்ற சொல்லை எழுதியதுமே வேலை நடந்துவிடும் என்று இருந்துவிட்டாள். அழைக்கும் வரியைச் சேர்க்கச் சொன்னபோது, மேல்வரிகளின் நேரே அதையும் உள்தள்ளி எழுதினாள். அந்த வரியும் செயற்கூற்றின் உடலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்ததால், மீண்டும் அதே மூன்று கோணக்குறிகள். விளிம்புக்குத் தள்ளி எழுதிய பின்னர்தான் விடை வந்தது. 250 கொடுத்ததற்கு 150 என்று வந்ததும் அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாவிட்டாலும், 80 கொடுத்துப் பார் என்றேன். திரையில் -20 வந்தது. எழுதியதைப் பத்து முறை படித்திருந்தாலும் கண்ணில் படாத தவறு ஒரே அழைப்பில் வெளிப்பட்டது. அடுத்து 100, 101, 0 ஆகியவற்றை நான் சொல்லாமல் அவளே கொடுத்துப் பார்த்தாள்.

இதைவிடப் பரவலான குழப்பம், விடையைத் திரையில் காட்டும் 'பிரிண்ட்', விடையை அழைத்த இடத்துக்குத் திருப்பி அனுப்பும் 'ரிட்டர்ன்' ஆகிய இரண்டுக்கும் இடையிலானது. ஐவரில் நால்வர் விடையைச் செயற்கூற்றுக்குள்ளேயே அச்சிட்டு முடித்திருந்தார்கள். இரண்டு வீடுகளுக்கு உரிய யூனிட்டைக் கூட்டிச் சொல் என்றதும் சரியான இரண்டு எண்களும் திரையில் வந்து, அவற்றுக்குக் கீழேயே சிவப்பு எழுத்தில் 'நன்டைப்' (வெறுமை வகை) என்பதைக் கூட்ட முடியாது என்ற பிழைச்செய்தியும் வந்தது. விடை கண்ணெதிரே இருக்கும்போது பிழை எப்படி வரும் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. மாவு மில்லில் அரைத்த மாவைக் காட்டிவிட்டு உள்ளேயே வைத்துக்கொண்டால் நாம் வீட்டுக்கு வந்து எதைக் கரைப்பது என்று கேட்ட பிறகே அவர்களுக்கு விளங்கியது. மதிப்பைத் திருப்பி அனுப்பாத பைத்தான் செயற்கூறு 'நன்' (ஒன்றுமில்லை) என்பதையே திருப்பி அனுப்பும் என்ற ஒற்றை வரியை, அழைத்துப் பார்க்காமல் எவ்வளவு விளக்கினாலும் பயனில்லை.

செயற்கூறு என்ற கருத்தே ஒருமுறை எழுதியதைப் பலமுறை அழைப்பதற்காகப் பிறந்தது. 1949-இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்காகத் துணைநிரல்களை (செயற்கூற்றின் முன்னோடிகளை) நூலகம்போலத் தொகுத்து வைத்தார்கள்; அக்குழுவில் இருந்த டேவிட் வீலர், துணைநிரலுக்குள் சென்ற கணினி அழைத்த இடத்துக்கே திரும்பி வருவதற்கு வழி கண்டார். நம் ஆய்வகங்களிலோ ஒவ்வொரு நிரலும் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மதிப்புக்கு ஓடி, பதிவேட்டில் ஏறி, கையொப்பம் பெற்று முடிந்துவிடுகிறது. ஃபேக்டோரியல் (1 முதல் ஓர் எண் வரை உள்ள எல்லா எண்களின் பெருக்கல்) கணக்கிடும் நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் ஒரு மாணவனிடம், ஐந்து பேரில் மூவரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டேன். பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் படித்த கணக்குதான். 120-ஐ 6-ஆலும் 2-ஆலும் வகுக்க வேண்டும் என்று உடனே சொன்னவன், அதற்காக அந்தப் பெருக்கலைச் செய்யும் அதே மடக்கை (லூப்) மூன்று முறை படியெடுத்து எழுதினான். ஏற்கெனவே எழுதி வைத்த செயற்கூற்றை மூன்று முறை அழைக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருக்கும் இப்பாடத்தில், அந்த 20-இல் ஐந்தையாவது அழைப்புக்கு ஒதுக்கலாம். எழுதி முடித்த செயற்கூறு ஒன்றை மாணவரிடம் கொடுத்து, மூன்று வெவ்வேறு மதிப்புகளால் அழைத்து விடையைக் குறிக்கச் சொல்லலாம். அல்லது என் மாணவி எழுதியதைப்போல ஓரிடத்தில் மட்டும் தவறும் செயற்கூற்றைக் கொடுத்து, எந்த மதிப்புக்குத் தவறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். இதற்குப் புதிய கணினியோ கூடுதல் பாடவேளையோ தேவையில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு நிரலுக்கும் எதிர்ப்பக்கத்தில் மூன்று அழைப்பு வரிகளும் அவற்றின் விடைகளும் இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். பைத்தான் 3-இல் செயற்கூற்றின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்பதையும் முதல் வாரத்திலேயே காட்டிவிட்டால், தமிழ்வழிப் பிள்ளைகள் 'கட்டணயூனிட்(80)' என்று அழைக்கத் தயங்கமாட்டார்கள்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சிறு செயற்கூற்றை வெளியிட்டு, 'இதை இந்த மூன்று மதிப்புகளால் அழைத்தால் என்ன வரும்?' என்று கேட்டு, விடையை மறுவாரம் வெளியிட இடம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். முதல் சில வாரங்களுக்கான வினாக்களை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணினி ஆசிரியர்,
கும்பகோணம்.