தேரோடும் வீதியும் ஜூன் ஹுவும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. இங்கே சாரல் இன்னும் விட்டபாடில்லை, பழையாறு நிறைந்து ஓடுகிறது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை.

மகன் காலேஜை விட்டுவிட்டுக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று படித்ததும் எனக்கு ஜூன் ஹு ஞாபகம்தான் வந்தது. 2022-ல் ஹெல்சிங்கியில், கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய மேதை. 1983-ல் பிறந்து, சியோலில் வளர்ந்தவர். கவிஞராக வேண்டுமென்று பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். பிறகு சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும் படித்தார். பத்திரிகையில் அறிவியல் எழுதலாம் என்றுதான் எண்ணமாம்.

அப்போது ஹிரோனாகா அங்கே பாடம் எடுக்க வந்தார். 1970-லேயே ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஜப்பானியர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முதல் பேட்டியை இவரிடம் எடுத்துவிடலாம் என்று ஹு போய் உட்கார்ந்தார். கணிதம் படிக்கிற பிள்ளைகளே பாடம் புரியாமல் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, இவர் மட்டும் விடவில்லை. மதியச் சாப்பாடும் பெரியவரோடுதான். இத்தனை பெரிய மனிதர் ஒரு வேற்றுத்துறைப் பையனோடு தினமும் உட்கார்ந்து பேசியிருக்கிறாரே, வாத்தியாராக எனக்கு அதுதான் பெரிசாகப் படுகிறது.

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது இலினாய் பல்கலைக்கழகம் தவிர எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் அங்கே சேர்ந்த புதிதிலேயே, ரீட் என்பவர் 1968-ல் சொல்லிவைத்த ஊகத்தை நிரூபித்துவிட்டார்!

போன வாரம் பிளஸ் ஒன் வகுப்பில் அதைச் சொல்லிப் பார்த்தேன். சுசீந்திரம் கோயிலின் நாலு ரத வீதிக்கும் சீரியல் லைட் போட வேண்டும். மூலையில் சந்திக்கிற இரண்டு வீதிக்கு ஒரே நிறம் கூடாது. மூன்று நிறம் இருந்தால் 18 விதமாகப் போடலாம், நாலு இருந்தால் 84. நிறங்களின் எண்ணிக்கையை ‘ந’ என்று வைத்தால் வாய்பாடு ந⁴ − 4ந³ + 6ந² − 3ந. குறிகளை விட்டுவிட்டுக் கெழுக்களை மட்டும் பார்: 1, 4, 6, 3. ஏறி, பிறகு இறங்குகிறது. வீதிகள் எத்தனை இருந்தாலும், எப்படிப் பின்னிக் கிடந்தாலும், இறங்கத் தொடங்கியது மறுபடி ஏறவே ஏறாது என்பதுதான் ரீட்டின் ஊகம். அதை நிரூபிக்க ஹு கையில் எடுத்தது ஹிரோனாகாவிடம் கேட்ட வடிவியலை. பின்வரிசைப் பயல் ஒருவன் ஐந்து வீதிக்குத் தானே போட்டுப் பார்த்து, “சார், இதுவும் இறங்குது!” என்று எழுந்து நின்றுவிட்டான்.

பதக்கம் வந்ததும் பள்ளியை விட்ட கதையைத்தான் எல்லாரும் பேசினார்கள். படிப்பை விட்டால் மேதை ஆகலாம் என்று உன் மகனிடம் நான் சொல்ல மாட்டேன். அவர் திரும்பி வந்தபோது உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான் நான் சொல்வது. மார்க்கைப் பற்றி இப்போது அவனிடம் பேசாதே. எழுதுவதை வாங்கிப் படி.

ஓணம் லீவுக்கு அவனை இங்கே அனுப்பு. மட்டிப்பழக் குலை ஒன்று பழுக்கப் போட்டிருக்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
செல்வம்