மாப்ளைக்கு, சாங்கிலேர்ந்து வந்த கையோட

டேய் மாப்ள,

ப்ராஜெக்ட் மேனேஜர் ஆயிட்டேன்னு உன் மெசேஜ் வந்தப்ப நான் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல உக்காந்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு மாடி ஏர்பஸ் ஏ380 ப்ளேன் ஒண்ணு நின்னுச்சு, அதப் பாத்ததும் உனக்குக் கடுதாசியே போடணும்னு தோணிடுச்சு.

அந்த ப்ளேன் கதை தெரியும்ல? ஆளுங்கள மொத்தமா ஏத்தி ஒரு பெரிய ஊர்லேர்ந்து இன்னொரு பெரிய ஊருக்குக் கொண்டு போறதுதான் இனிமே வியாபாரம்னு ஏர்பஸ் கணக்குப் போட்டு 2000-ல இறங்குச்சு. ஆனா ஜெர்மனில ஹாம்பர்க்ல இருக்கற ஏர்பஸ்காரங்க டிசைன் பண்ணது CATIA-ங்கிற டிசைன் சாஃப்ட்வேரோட 4-ம் வெர்ஷன்ல, ஃபிரான்ஸ்ல துலூஸ்ல இருக்கறவங்க 5-ம் வெர்ஷன்ல. ஹாம்பர்க்லேர்ந்து வந்த வயர் கட்டை துலூஸ்ல ப்ளேனுக்குள்ள விட்டு இழுத்தா கனெக்டருக்கு எட்டல! ஒரு ப்ளேனுக்கு 530 கிலோமீட்டர் வயர்டா. இதுல லேட்டாகி, மொதல் ப்ளேன் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போறப்ப 2007 அக்டோபர்.

எல்லாரும் இந்த வயரத்தான் பேசுவாங்க, எனக்கு உறுத்துறது வேற. வயர சரி பண்ணிட்டாங்க, ப்ளேனும் ஜோரா பறந்துச்சு, ஆனா அதுக்குள்ள போயிங் 787 மாதிரி ரெண்டே இன்ஜின் ப்ளேனுங்க வந்து, நடுவுல மாறாமலே நேரா ஊருக்கு ஊர் பறக்க ஆரம்பிச்சுடுச்சுங்க. மொத்தம் 251 செஞ்சு 2021-ல கடைசி ப்ளேனக் குடுத்து முடிச்சுட்டாங்க.

எங்க ஆபீஸ்லயும் இதே கூத்துதான் (சிரிக்காத). டீலருங்க நேரா ஆர்டர் போடுறதுக்கு ஒரு ஆப், எட்டு மாசம், திங்கக்கிழம மீட்டிங்குக்கு நான் எடுத்துட்டுப் போற எக்செல்ல எல்லா கட்டமும் பச்சை. நடுவுல மேல இருக்கறவங்க டீலரக் கொறச்சு சொந்த ஷோரூம் போடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க, எங்க டீமுக்கு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. சொன்ன தேதிக்கு முடிச்சோம், கேக் வெட்டினோம், அடுத்த வாரம் லாகின் பண்ணது பதினோரு டீலர். என் எக்செல்ல தேதிக்குக் கட்டம் இருந்துச்சு, பட்ஜெட்டுக்கு இருந்துச்சு, இது இன்னும் வேணுமாங்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப புதுசா ஒண்ணு போட்டிருக்கேன், மாசம் ஒரு தடவ எம்டி கிட்டயே கொண்டு போய் நிரப்பச் சொல்றேன், மனுஷன் மொறைக்கிறாரு.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுதா? உன் ப்ராஜெக்ட் எதுக்குன்னு ஒரே வரில எழுதி அனுப்பு, முடியலன்னா போன் பண்ணு, ராத்திரி பத்து மணிக்கு மேல சும்மாத்தான் இருப்பேன்.